கொத்துக்கறிக்கு எந்த மின்சர்? டர்பன் சமையலறைக்கு ஏற்றதைப் பார்த்து வாங்குவது

டர்பனில் கறி அரைக்கும் மெஷினை எல்லோரும் மின்சர் என்றே சொல்கிறார்கள். இங்கும் அந்தப் பேரே இருக்கட்டும். கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கு. 1,600 வாட், 2,000 வாட். அதை நம்பி வாங்கியவர்கள் பலர் ஆறு மாதத்தில் மெஷினை அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிறார்கள். கறியை வெட்டுவது நான்கு சிறகுக் கத்தியும், அது உரசிச் சுற்றும் ஓட்டைத் தட்டும்தான். மோட்டார் செய்வதெல்லாம் சுருள் திருகைச் சுற்றிக் கறியை அந்தக் கத்தி வரை கொண்டுபோவது. கத்தியும் தட்டும் இடைவெளி இல்லாமல் படிந்திருந்தால், கையால் சுற்றும் பழைய இரும்பு மின்சரே ஆட்டுத் தோள்பட்டையைப் பொலபொலவென்று உதிரியாகத் தரும். படியாவிட்டால் எத்தனை வாட் இருந்தும் வெளியே வருவது நசுங்கிய கூழ்.

வீட்டில் எதற்கு அரைக்க வேண்டும், கடையிலேயே கொத்துக்கறி கிடைக்கிறதே என்று கேட்கலாம். டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் எங்கும் மாட்டிறைச்சி சேர்க்காத தமிழ் வீடுகள் நிறைய. கடையில் ஆட்டுக்கறி தனியாக இருக்கலாம். அரைக்கும் மெஷின் ஒன்றுதான் இருக்கும். முன்னால் ஓடிய கறியில் ஒரு கைப்பிடி அதன் தலைக்குள்ளேயே, அதாவது திருகும் கத்தியும் உள்ள முன்பகுதிக்குள், தங்கிவிடும், அடுத்து வருபவர் கறியோடுதான் அது வெளியே வரும். இது யாருடைய ஏமாற்றும் இல்லை, மெஷினின் அமைப்பே அப்படி. ஏமாற்றும் இல்லாமல் இல்லை: ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தென்னாப்பிரிக்கக் கடைகளில் எடுத்த 139 இறைச்சிப் பொருள் மாதிரிகளில் 68 சதவீதத்தில் லேபிளில் சொல்லாத ஏதோ ஒன்று கலந்திருந்தது. சாசேஜ், பர்கர் வட்டு, குளிர்ந்த இறைச்சித் துண்டுகளில்தான் அது மிக அதிகம். முழுத் தோள்பட்டையாக வாங்கி வீட்டில் அரைத்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

மின்சர்களுக்கு எண் உண்டு: 5, 8, 10, 12, 22, 32. அது தலையின் அளவு, தட்டின் விட்டத்தைக் குறிப்பது. 5-ஆம் எண்ணுக்கு ஏறக்குறைய 54 மி.மீ., 8-க்கு 62, 10-க்கும் 12-க்கும் 70, 22-க்கு 82, 32-க்கு 100 மி.மீ. தலையின் பக்கவாட்டில் இந்த எண் வார்ப்பிலேயே இருக்க வேண்டும். எண் இல்லாத மெஷினை வாங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. நாளைக்குக் கத்தி மழுங்கினால் எதைக் கேட்டு வாங்குவீர்கள்? எண் இருந்தால் எந்தக் கம்பெனிக் கத்தியும் தட்டும் தேடிப் பொருத்திப் பார்க்கலாம். அப்போதும் பழைய தட்டைக் கையில் எடுத்துப் போங்கள். 10-க்கும் 12-க்கும் விட்டம் ஒன்றுபோல இருந்தாலும், நடு ஓட்டையும் ஓரத்து வெட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கை மின்சர்

வெள்ளீயம் பூசிய வார்ப்பிரும்பில், மேசை ஓரத்தில் திருகிப் பிடிக்கும் 8 அல்லது 10-ஆம் எண். செக் நாட்டு போர்க்கெர்ட் மாதிரியான பழைய கம்பெனிகள் செய்த வடிவம் இது. பாட்டி காலத்து மின்சர் வீட்டில் கிடந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். உடல் உடையாமல் இருந்தால் புதுக் கத்தியும் தட்டும் போட்டாலே போதும்.

எடையைப் பார்த்து மட்டும் ஏமாற வேண்டாம். கை மின்சரில் தகராறு வருவது பெரும்பாலும் மேசையில்தான். பிடிப்புத் திருகு திறக்கும் அகலம் பலவற்றில் 4 செ.மீ. அளவுதான். இப்போதைய சமையலறை மேடைகளில் கிரானைட் பலகை கபோர்டுக்கு வெளியே இரண்டு விரல்கூட நீட்டிக்கொண்டிருக்காது. திருகு பிடிக்கக் கீழே இடமே இருக்காது. உருண்டை ஓரம் வைத்த மேடை என்றால் பிடித்தாலும் வழுக்கும். வாங்கப் போகும் முன் அளவுநாடாவால் இரண்டு அளவு எடுங்கள்: பலகையின் கனம், கீழே வெளியே நீட்டும் தூரம். நீட்டம் 5 செ.மீ.க்குக் குறைவென்றால் மரமேசைதான் வழி. பிடிப்பின் மேலும் கீழும் பழைய ரப்பர் பாய்த் துண்டு ஒன்றை மடித்து வைத்தால் மேசையும் கெடாது, சுற்றும்போது ஆடவும் ஆடாது.

அடியில் ரப்பர் உறிஞ்சி வைத்த பிளாஸ்டிக் மின்சர்களும் கிடைக்கின்றன. சமமான பளபள மேடையில் நிற்கும், கோழித் தொடைக்கறி அரைபடும். ஆட்டுக்கறியில் ஒரு ஜவ்வு சிக்கினால் நீங்கள் கைப்பிடியைச் சுற்ற, மெஷின் மேடையை விட்டுக் கழன்று வரும். ஆட்டுக்கறி வீட்டுக்கு இது ஆகாது.

மின்சார மின்சர்

பெட்டியில் உள்ள 2,000 வாட், திருகு சிக்கி மோட்டார் நின்றுபோகும் ஒரு நொடியில் அது இழுக்கும் உச்ச மின்சாரம். ஓடும்போது இழுப்பது அதில் கால்பங்கு இருந்தால் அதிகம். மெஷினைத் தலைகீழாகத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள். 300, 350, 500 வாட் என்று அங்கே ஒரு எண் இருக்கும். அதுதான் கணக்கு. அதே லேபிளில் கேபி (KB) என்ற எழுத்துகளோடு 5 நிமிடம், 10 நிமிடம் என்று இருந்தால், அவ்வளவு நேரம்தான் தொடர்ந்து ஓட்டலாம், பிறகு ஆறவிட வேண்டும் என்று அர்த்தம். 5 நிமிட மெஷினில் தீபாவளிக்கு 6 கிலோ அரைக்க உட்கார்ந்தால், மூன்றாவது கிலோவில் சூட்டுவாடை வரும்.

அடுத்தது பல்சக்கரம். வீட்டு மெஷின்களில் சுருள் திருகின் பின்முனைக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் இணைப்பு இருக்கும். பலர் இதை மட்டம் என்று நினைக்கிறார்கள். எலும்பு சிக்கினால் மோட்டார் எரியாமல் தான் உடைந்து காப்பாற்றத்தான் அதை வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் இருப்பதில் குற்றமில்லை. மாற்றுத் துண்டு தனியாகக் கிடைக்காததுதான் குற்றம். கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இது: இந்த மாடலுக்கு இணைப்புத் துண்டு, கத்தி, தட்டு மூன்றும் தனியாகக் கிடைக்குமா? பதில் வரவில்லையென்றால் அடுத்த மாடலைப் பாருங்கள். ஆட்டெலும்பு வேண்டவே வேண்டாம். நாய்க்காகக் கோழி எலும்பு போடுவதும் 22-ஆம் எண்ணுக்குக் கீழே உள்ள எந்த வீட்டு மெஷினிலும் கூடாது.

பின்னோக்கிச் சுற்றும் பொத்தான் கட்டாயம் வேண்டும். ஜவ்வு சுற்றிக்கொண்டால் இரண்டு மூன்று நொடி பின்னால் ஓட்டினால் விடுபடும். முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை அழுத்திவிடாதீர்கள். மெஷின் முழுவதும் நின்ற பிறகு, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் அழுத்துங்கள். அவசரப்பட்டால் அந்தப் பிளாஸ்டிக் துண்டுதான் முதலில் போகும்.

பல மெஷின்கள் ஐரோப்பிய இரண்டு முள் பிளக்கோடு வருகின்றன. ஒரு நல்ல அடாப்டர் போதும், மூன்று அடாப்டர்களை ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்த வேண்டாம். லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு 2023-ல் பல நாள் ஆறாம் நிலை வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாதி அரைத்த கறி தலைக்குள் இருக்கும்போது கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், தலையைக் கழற்றி அப்படியே ஃப்ரிட்ஜில் வையுங்கள். சுவிட்ச் போட்டபடியே விட்டால், கரண்ட் திரும்பும்போது மெஷின் தானாக ஓடத் தொடங்கும், யாருடைய விரலாவது அங்கே இருக்கலாம். சின்ன இன்வெர்ட்டரில் ஓட்டுவதும் சரிப்படாது. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுப்பது ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு.

கென்வுட், கிச்சன்எய்ட் மாதிரியான மாவு மிக்சர் வீட்டில் இருந்தால், அதன் முன்பக்கம் பொருத்தும் மின்சர் தலை வாங்கலாம். மோட்டார் நல்லது, இடமும் மிச்சம். முழு உலோகத் தலையாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். பிளாஸ்டிக் தலையை ஃப்ரீசரில் வைத்துக் குளிர்விப்பதில் பயனில்லை, குளிரைப் பிடித்துவைக்காது. ஃபுட் பிராசசர் பற்றிக் கேட்பவர்களுக்கு: அரைக் கிலோ கோழிக்குச் சமாளிக்கலாம், ஆட்டுக்கறியில் பாதி மாவாகும், பாதி கட்டியாக நிற்கும்.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனை

முன் வளையத்தைக் கழற்றுங்கள். கத்தியையும் மிக மெல்லிய ஓட்டைத் தட்டையும் வெளியே எடுங்கள். கத்தியின் ஒரு பக்கம் சமதளம், மறுபக்கம் சிறகு வளைந்திருக்கும். சமதளத்தைத் தட்டின் மேல் வைத்து ஒரு விரலால் நடுவில் அழுத்திக்கொண்டே, கடை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நான்கு சிறகுகளின் அடியிலும் வெளிச்சம் தெரியக் கூடாது. ஒரு சிறகின் நுனியில் மெல்லிய கோடாக வெளிச்சம் வந்தால், அந்தச் சிறகு வெட்டாது, கறியை வழித்து மெழுகும். பிறகு சிறகை ஓரமாகத் தட்டிப் பாருங்கள். கத்தி தட்டின் மேல் டக் டக்கென்று ஆடினால் இரண்டில் ஒன்று வளைந்திருக்கிறது. மலிவு மெஷின்களில் கத்தி அச்சில் வார்த்தது போல முனை மழுங்கி, வட்டமாக இருக்கும். நல்ல கத்தியில் விளிம்பு கோணமாக, நகத்தால் தடவினால் பிடிக்கிற மாதிரி இருக்கும்.

தட்டின் கனத்தையும் பாருங்கள். மெல்லிய தகட்டில் குத்திய ஓட்டைகளாக இருந்தால் அழுத்தத்தில் வெளிப்பக்கம் குவிந்துவிடும், அப்புறம் கத்தி நடுவில் மட்டும் படும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. விற்பவர் பெட்டியைத் திறக்கவே விடாவிட்டால் வேறு கடை பாருங்கள்.

வாங்கி வந்த பின் கோளாறு தெரிந்தாலும் வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் அதன் கோளாறுக்காகத் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பதை வாங்கியவரே சொல்லலாம். எலும்பு போட்டு உடைத்தது இதில் சேராது. ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கடை ரசீதின் எழுத்து மூன்று மாதத்தில் மங்கிவிடும்.

உலோகமும் கழுவுதலும்

வார்ப்பு அலுமினியத் தலைதான் வீட்டு மெஷின்களில் அதிகம். அதை டிஷ்வாஷரில் போட்டால் ஒரே தடவையில் சாம்பல் கருப்பாகும். அந்தக் கருப்பு கையிலும் ஒட்டும், கறியிலும் ஒட்டும். கையால், சாதாரணப் பாத்திரச் சோப்பால் மட்டும் கழுவ வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தலைக்கு இந்தத் தொல்லை இல்லை, விலைதான் கூட. கூடுதல் காசு செலவழிக்க முடிந்தால் வாட்டுக்குக் கொடுக்காமல் இதற்குக் கொடுங்கள்.

வெள்ளீயம் பூசிய இரும்பில் நம் வீடுகளில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. பித்தளை விளக்கைத் தேய்க்கும் பழக்கத்தில் புளி போட்டுத் தேய்ப்பது. புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் அந்தப் பூச்சைத் தின்னும், இரும்புக்கம்பி நார் அதைச் சுரண்டும். பூச்சு போன இடத்தில் டர்பன் கடற்காற்றுக்கு ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். தண்ணீரில் ஊறப்போடவும் கூடாது.

கழுவும் வரிசை இது. கடைசிக் கறி போன உடனே இரண்டு துண்டு காய்ந்த ரொட்டியைப் போட்டுச் சுற்றுங்கள், திருகில் தங்கிய கறி அதோடு வெளியே வரும். கழற்றி முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். எடுத்தவுடன் கொதிநீர் ஊற்றினால் கறியின் புரதம் வெந்து ஓட்டைகளில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு கை பொறுக்கும் சூட்டில் சோப்புத் தண்ணீர். ஆட்டுக்கொழுப்பு மாட்டுக்கொழுப்பைவிடக் கெட்டி, குளிர்ந்த தண்ணீரில் மெழுகாக உறைந்து நிற்கும், ஆகவே இந்த இரண்டாம் தண்ணீர் நல்ல சூடாகவே இருக்கட்டும். தட்டின் ஓட்டை ஒவ்வொன்றையும் பல்குச்சியால் அல்லது பாட்டில் பிரஷ்ஷால் குத்தி எடுங்கள். துடைத்து, அணைத்துவிட்ட ஓவன் அடுப்பின் மிச்சச் சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் முழுக்கக் காயும். இரும்புக் கத்திக்கும் தட்டுக்கும் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை ஒரு துளி தடவி, காகிதத்தில் சுற்றி வைக்கவும். சமையல் எண்ணெய் தடவினால் ஒரு மாதத்தில் பிசுபிசுத்து நாறும்.

இதில் அசட்டை வேண்டாம். 2017, 2018-ல் இந்த நாட்டில் பரவிய லிஸ்டீரியா நோயில் 1,060 பேர் பாதிக்கப்பட்டு, 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது தொழிற்சாலையில் செய்யும் பொலோனி என்ற தடித்த சாசேஜிலிருந்து வந்தது. அந்தக் கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும் என்பதை வீட்டுக்காரர்களும் அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள். முழுத் துண்டுக் கறியில் கிருமி மேல்தோலில் மட்டும் இருக்கும், அரைத்தால் உள்ளே எல்லா இடத்திலும் கலந்துவிடும். கொத்துக்கறி நடுவரை 71 டிகிரி செல்சியஸ் சூடாக வேண்டும். அரைத்ததை ஃப்ரிட்ஜில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. ஃப்ரீசருக்கு என்றால் அரைக் கிலோவைப் பையில் போட்டு இரண்டு செ.மீ. கனத்துக்குத் தட்டையாக அழுத்தி, தேதி எழுதி வையுங்கள். உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி உறைவதற்கு நேரம் பிடிக்கும்.

கறி கூழாகிறது என்றால்

மின்சரைத் திட்டுவதற்கு முன் கறியைப் பாருங்கள். இந்த நாட்டில் ஆட்டு உடலில் மையால் வகுப்பு உருட்டியிருப்பார்கள். ஏ வகுப்பு, நிலைப்பல் முளைக்காத இளம் ஆடு, ஊதா மை. ஏபி பச்சை, பி பழுப்பு, சி சிவப்பு. குழம்புக்குச் சிவப்பு மை ஆட்டைத்தான் டர்பன்காரர்கள் விரும்பிக் கேட்பார்கள், ருசி அதில்தான். அரைக்கும்போது அதே ஆடு மெஷினைச் சோதிக்கும். ஜவ்வும் நாரும் முற்றி, கயிறு மாதிரி இருக்கும். தோள்பட்டை எலும்பை ஒட்டிய வெள்ளித் தோலைக் கத்தி நுனியால் உரித்து எடுங்கள். கழுத்துக்கறியில் முதுகோரம் ஓடும் மஞ்சள் நிறக் கெட்டி நாரை முழுதாக உருவிவிடுங்கள். அது எந்தக் கத்திக்கும் மசியாது, எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் குழையாது. திருகைச் சுற்றிக்கொண்டு தட்டை அடைப்பது பெரும்பாலும் இந்த நார்தான்.

கறியை இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்துக்கும் கொஞ்சம் குறைவாக, நீளநீளமாக வெட்டுங்கள். சதுரத் துண்டைவிட நீளத் துண்டைத் திருகு தானே இழுத்துக்கொள்ளும், தள்ளுகட்டையால் குத்த வேண்டியதில்லை. தட்டில் பரப்பி 30 முதல் 45 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். ஓரம் விறைத்து நடு அமுங்க வேண்டும், கல்லாக உறையக் கூடாது. தலை, திருகு, கத்தி, தட்டு எல்லாமும் அதே நேரம் ஃப்ரீசரில் இருக்கட்டும். டிசம்பர், ஜனவரி டர்பன் வெயிலில் சமையலறையே 30 டிகிரி இருக்கும்போது இதைத் தவிர்த்தால், கொழுப்பு உருகித் தட்டை மெழுகிவிடும், பின்னால் வருவது எல்லாம் நசுங்கித்தான் வரும்.

இவ்வளவும் செய்தும் கூழ் வந்தால் மூன்றே காரணம். கத்தியைத் தலைகீழாகப் போட்டிருப்பீர்கள்: சமதளம் தட்டைப் பார்த்து, அதாவது வெளிப்பக்கம் இருக்க வேண்டும். வளையம் தளர்ந்திருக்கும்: கையால் முழுக்க இறுக்குங்கள், மின்சார மெஷினில் இறுக்கிய பின் ஒரு மயிரிழை தளர்த்துங்கள், அதற்கு மேல் இறுக்கினால் உலோகம் உலோகத்தைத் தின்று கறியில் கறுப்புப் பொடி சேரும். கடைசிக் காரணம், கத்தி மழுங்கியிருக்கும். அதற்குக் கடைக்கு ஓட வேண்டாம். கண்ணாடிப் பலகையின் மேல் 400 எண் தண்ணீர் உப்புத்தாளை நனைத்து ஒட்டி, கத்தியின் சமதளத்தை அதில் வைத்து எட்டுப் போடுவது போல இருபது முப்பது தடவை தேய்த்தால் நான்கு சிறகும் ஒரே பளபளப்புக்கு வரும். தட்டையும் அப்படியே தேய்க்க வேண்டும். கத்தியும் தட்டும் சேர்ந்தே தேய்ந்து பழகும், ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கத்தி வைத்துக்கொள்வது உத்தமம்.

காலியாக ஓட்டாதீர்கள். தள்ளுகட்டை தவிர விரலோ கரண்டியோ உள்ளே போகவே கூடாது.

எந்தத் தட்டு எதற்கு

பட்டாணி, உருளைக்கிழங்கு போட்ட கொத்துக்கறிக் குழம்புக்கு 8 மி.மீ. தட்டு, ஒரே தடவை. வெந்த பிறகும் கறி கறியாகத் தெரியும். சமோசாவுக்கு 4.5 அல்லது 5 மி.மீ.; இதைவிடப் பெரிதானால் மடிக்கும்போது மாவுத்தாள் கிழியும். கோலா உருண்டைக்கும் கபாபுக்கும் முதலில் 8, பிறகு 3 மி.மீ. எடுத்தவுடனே 3-ல் போட்டால் மெஷின் திணறும், கறி சூடாகும். இஞ்சியைக் கறியோடு சேர்த்து அரைக்காதீர்கள், அதன் நார் கத்தியில் சுற்றும். வெங்காயமும் தனியே, தண்ணீர் விட்டுக் கறியைச் சொதசொதப்பாக்கும். கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் கபாப் உலராது, குழம்புக்குப் பத்தில் ஒரு பங்கே போதும்.

பிராய் என்னும் திறந்தவெளிக் கறிச்சுடுதலுக்கு மாடும் பன்றியும் சேராத பூரவோர்ஸ் (இந்த நாட்டுச் சுருள் சாசேஜ்) செய்பவர்கள் கூடி வருகிறார்கள். சட்டப்படி அந்தப் பேரில் விற்பதற்கு 90 சதவீதம் இறைச்சி இருக்க வேண்டும், கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டிலும் அந்த அளவு சரிதான். 8 மி.மீ. ஆட்டுக்கறி, கிலோவுக்கு 18 கிராம் உப்பு, வறுத்துப் பொடித்த கொத்தமல்லி விதை. குடலில் அடைக்கும்போது கத்தியையும் தட்டையும் கழற்றிவிட்டு, இடைவெளி பெரிதான அடைப்புத் தட்டைப் போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முறை அரைபட்டு மாவாகும். மாதம் ஒரு தடவைக்கு மேல் அடைப்பவர்கள் தனி அடைப்பானே வாங்கிவிடுவது நல்லது. மின்சர் இந்த வேலையை மெதுவாகவும் காற்றுக் குமிழோடும்தான் செய்கிறது.

எங்கள் தேர்வைச் சொல்வதென்றால், மாதம் இரண்டு மூன்று கிலோவுக்குள் அரைக்கும் வீட்டுக்கு 10-ஆம் எண் கை மின்சர். சில நூறு ராண்டில் முடியும், லோட்ஷெடிங் பார்க்காது, பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கும். வார வாரம் அரைப்பவர்களும் விசேஷத்துக்கு ஐந்து, ஆறு கிலோ போடுபவர்களும் ஸ்டெயின்லெஸ் தலை, 12-ஆம் எண், பின்னோக்கும் பொத்தான், 10 நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் மின்சார மெஷின் பார்க்கலாம். 22-ஆம் எண் மின்சார மெஷினின் எடை பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டும். தூக்கி அலமாரியில் வைக்க முடியாது, நிரந்தர மேசை உள்ளவர்களுக்கு மட்டும்.

எதை வாங்கினாலும் கறிக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். இங்கே வடைக்குப் பருப்பை மின்சரில் அரைப்பது பழைய வழக்கம். பிளெண்டர் தண்ணீர் கேட்கும், மாவு இளகும், வடை எண்ணெய் குடிக்கும். 5 மி.மீ. தட்டுப் போட்ட கை மின்சரில் தண்ணீர் சேர்க்காமல் அரைத்தால் கொரகொரப்பு அப்படியே நிற்கும். பருப்பை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் சல்லடையில் அரை மணி நேரம் வடியவிடுங்கள். ஒரு கைப்பிடி பருப்பு, இரண்டு பச்சை மிளகாய், மறுபடி பருப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டால் மிளகாய் தனியாகத் தங்காது. புரட்டாசி விரதத்தில் கறி பட்ட பாத்திரமே ஆகாத வீடுகளில் இந்த இரண்டாவது மின்சர் இல்லாமல் முடியாது. அதற்கு 8-ஆம் எண்ணே போதும். உடலில் நெயில்பாலிஷால் ஒரு பச்சைப் பொட்டு வைத்து, வேறு அலமாரியில் வையுங்கள், அவசரத்தில் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.